தெற்கே பாயும் நீரோட்டமும் மார்கரெட் ரிவர் திராட்சையும்

பஸ்ஸல்டன் கடற்பாலத்தின் நுனியில் ஒரு சுழற்படிக்கட்டு கடலுக்குள் இறங்குகிறது. எட்டு மீட்டர் கீழே போனால் வட்டமான ஓர் அறை, சுற்றிலும் கண்ணாடிச் சன்னல்கள். சன்னலுக்கு அப்பால் பாலத்தைத் தாங்கும் மரத்தூண்கள் நிற்கின்றன. ஆனால் விரற்கடை அளவு மரம்கூட வெளியே தெரிவதில்லை. கடற்பஞ்சுகளும் மென்பவளங்களும் ஆரஞ்சு, மஞ்சள், ஊதா என்று தூணை முழுக்கப் போர்த்தியிருக்கின்றன. ஒரு தூணையே பத்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றேன். அலை வரும்போது பவளத்தின் நுண்கைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன, அலை திரும்பும்போது எதிர்ப்பக்கம் நிமிர்கின்றன. வயலில் காற்று புகுந்தால் நாற்று அசையுமே, அதே அசைவு.

1865இல் பயன்பாட்டுக்கு வந்த பாலம் இது. நீளம் 1,841 மீட்டர். மரத்தூண்களின் மேல் நிற்கும் கடற்பாலங்களில் தென்னரைக் கோளத்திலேயே நீளமானது. இங்கே என்னை நிறுத்தியது பாலத்தின் நீளம் அல்ல. பஸ்ஸல்டன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 33 பாகைக்கும் அப்பால் இருக்கிறது. தெற்கே இந்தக் கண்டத்தின் கரை முடிந்தால் அண்டார்க்டிகா வரை இடையில் நிலமே இல்லை. அப்படிப்பட்ட கடலில் வெப்பக் கடலுக்கு உரிய பவளங்களுக்கு என்ன வேலை?

இந்தக் கேள்விக்கான விடையைத் தெரிந்துகொண்டால், தெற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் விளையும் திராட்சையும் புரிந்துவிடும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகர் பெர்த்திலிருந்து சுமார் 270 கிலோமீட்டர் தெற்கே மார்கரெட் ரிவர் வட்டாரம் இருக்கிறது. வடக்கே நேச்சுரலிஸ்ட் முனை, தெற்கே லூயின் முனை. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பாறை முதுகு. முதுகின் மேற்குச் சரிவில் கடற்கரைகளும் அலைச்சறுக்கு வீரர்களும். கிழக்கே காடும் மாட்டுப் பண்ணைகளும் திராட்சைத் தோட்டங்களும். ஆஸ்திரேலியாவின் மொத்த ஒயினில் இரண்டு மூன்று விழுக்காடுதான் இங்கிருந்து வருகிறது. ஆனால் உயர்தர ஒயின் என்று கணக்கெடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு இந்தச் சிறு வட்டாரத்தினுடையது என்று சொல்வார்கள்.

கண்டங்களின் மேற்குக் கரையை உலகப் படத்தில் பாருங்கள். தென் அமெரிக்காவின் மேற்கே ஹம்போல்ட் நீரோட்டம், ஆப்பிரிக்காவின் தென்மேற்கே பெங்குவேலா நீரோட்டம். இரண்டும் குளிர்ந்த நீரைத் துருவப் பக்கத்திலிருந்து பூமத்திய ரேகையை நோக்கிக் கொண்டு செல்கின்றன. ஆழத்திலிருந்து சத்துள்ள நீர் மேலெழுவதால் மீன் கொழிக்கும். கரையிலோ அட்டகாமாவும் நமீபும் போன்ற பாலைவனங்கள். இதே விதிப்படி ஆஸ்திரேலியாவின் மேற்கிலும் குளிர்ந்த நீர் வடக்கே ஓட வேண்டும். ஓடுவதில்லை. இங்கே வெதுவெதுப்பான நீர் தெற்கே ஓடுகிறது, அதுவும் எதிர்க்காற்றில். 1980இல் கிரெஸ்வெல், கோல்டிங் என்ற இரு கடலியலாளர்கள் இதற்கு லூயின் நீரோட்டம் என்று பெயர் வைத்தார்கள்.

இதைத் தள்ளிவிடும் விசை பசிபிக் கடலில் பிறக்கிறது. பசிபிக்கில் வீசும் வாணிபக் காற்று சூடான மேல்நீரை மேற்கே, இந்தோனேசியாவின் பக்கம் ஒதுக்கிக் குவிக்கிறது. குவிந்த நீரில் ஒரு பகுதி அங்குள்ள தீவுகளின் இடுக்குகள் வழியே இந்தியப் பெருங்கடலுக்குள் கசிகிறது. சூடான, உப்புக் குறைந்த நீர் கனம் குறைந்தது. அதே எடை நீர் கூடுதல் இடத்தைப் பிடிக்கும். அதனால் ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் கடல்மட்டம், தெற்கைவிடச் சில பத்து சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு இந்தச் சிறு சரிவு போதும். நீர் சரிவின் வழியே தெற்கே இறங்குகிறது. பூமியின் சுழற்சி தென்னரைக் கோளத்தில் ஓடும் நீரை இடப்பக்கம் தள்ளும் அல்லவா? தெற்கே ஓடும் நீருக்கு இடப்பக்கம் கரை. ஆக நீரோட்டம் கரையை ஒட்டியே போகிறது, லூயின் முனையைச் சுற்றிக் கிழக்கே திரும்பி டாஸ்மேனியா வரைக்கும். பவளத்தின் இளம் உயிரிகள் இந்த ஓட்டத்தில் மிதந்து வந்துதான் பஸ்ஸல்டன் தூணைப் பிடித்துக்கொள்கின்றன.

நீரோட்டம் வலுப்பெறும் பருவத்தையும் சொல்ல வேண்டும். கோடையில் தெற்குக் காற்று பலமாக வீசி இதை அடக்கிவைக்கிறது. அப்போது கரையோரமாக ஒரு குளிர்ந்த சிறு நீரோட்டம் வடக்கே ஊர்கிறது. ஏப்ரல், மே வாக்கில் காற்று தளர்ந்ததும் லூயின் நீரோட்டம் தலைதூக்குகிறது. அதாவது, குளிர்காலத்தில் இந்த நிலத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கணப்பு எரிகிறது. கோடையில் அதே கடல் விசிறியாகிவிடுகிறது. விளைவை எண்ணில் சொன்னால், ஆண்டின் மிக வெப்பமான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் இடையே சராசரி வெப்பநிலை வேறுபாடு ஏறத்தாழ 8 டிகிரிதான். ஜனவரி சராசரி சுமார் 20 டிகிரி. ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டரைத் தாண்டும். ஆனால் பெரும்பகுதி குளிர்காலத்தில் பெய்து தீர்ந்துவிடும். கனி பழுக்கும் மாதங்களில் வானம் கைவைப்பதில்லை.

இந்த எண்களுக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தவர் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ், மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிஞர். அவருடைய தொழில் லூபின் என்ற பயறுவகையை மேம்படுத்துவது. திராட்சை ஆர்வத்தில் சேர்ந்த துணை வேலை. 1965இலும் 1966இலும் இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். மார்கரெட் ரிவர் வட்டாரத்தின் மாதவாரி வெப்பநிலை, மழை, வெயில் நேரம் ஆகியவற்றைப் பிரான்சின் போர்தோவோடு ஒப்பிட்டு, இங்கே முதல்தர ஒயின் திராட்சை விளையும் என்று எழுதினார். அன்றைக்கு அந்தப் பக்கம் மரம் வெட்டுபவர்களும் பால்பண்ணைக்காரர்களும்தான் இருந்தார்கள். ஒரு நல்ல ஒயினைக் குடித்துப் பார்த்து ஊரைத் தேடிப் போவதுதான் வழக்கம். இங்கே முதலில் தாளில் கணக்கு வந்தது, பிறகு கொடி வந்தது. அறிவியல் ஒரு வட்டாரத்தையே உண்டாக்கிய கதைகளில் இதற்கு இணையாகச் சொல்ல எனக்கு வேறொன்று சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

கட்டுரையைப் படித்து முதலில் இறங்கியவர்கள் மருத்துவர்கள். பெர்த்தில் இதயநோய் மருத்துவராக இருந்த டாம் கல்லிட்டி 1967இல் வாஸ் ஃபெலிக்ஸ் தோட்டத்தை நட்டார். பில் பேனல், கெவின் கல்லன் என்று அடுத்தடுத்து வந்தவர்களும் டாக்டர்களே. எந்த நிலத்தை வாங்குவது என்பதற்கு கிளாட்ஸ்டோன்ஸ் ஓர் எளிய அடையாளம் சொல்லியிருந்தார்: மாரி மரம் செழித்து நிற்கும் இடத்தைப் பாருங்கள். மாரி யூகலிப்டஸுக்கு நெருங்கிய உறவுக்கார மரம். தண்ணீர் தேங்காத சரளைக் களிமண்ணில்தான் அது நன்றாக ஓங்கும்.

அந்த மண்ணை ஒரு தோட்டத்தின் வரப்பில் கையில் அள்ளிப் பார்த்தேன். மேலே பழுப்பு மண், அதற்குள் பட்டாணி அளவில் இரும்புநிறச் சரளை. இரண்டை எடுத்துத் தேய்த்தால் விரலில் செம்மண் சாயம். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. இது செம்புறாங்கல்லின் சொந்தம். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் கிணறு வெட்டும்போதும், பழைய வீட்டுச் சுவரிலும் பார்க்கிறோமே, அதே வகை. வெப்பமும் மழையும் மாறி மாறிப் பல லட்சம் ஆண்டுகள் பாறையை அரித்தால் கரையக்கூடிய சத்தெல்லாம் கழுவிப் போய், இரும்பும் அலுமினியமும் மிஞ்சும். நெல்லுக்கும் வாழைக்கும் இது வறட்டு மண். ஒயின் திராட்சைக்கு இந்த வறட்சிதான் பலம். சத்தும் நீரும் தாராளமாகக் கிடைத்தால் கொடி இலையாகத் தழைத்துப் பழத்தை மறந்துவிடும். சரளையில் வேர் ஆழம் தேடிப் போகிறது, பழம் சிறுத்து, தோல் தடித்து, சாறு செறிவாகிறது. சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலிலும் விதையிலும் இருப்பவை என்பதால், பழம் சிறுத்தால் சாற்றுக்குத் தோலின் விகிதம் கூடும்.

நம் கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சையும் இதே இனம்தான். ஆனால் கம்பத்தில் கொடிக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. கவாத்துக் கத்திரி எப்போது விழுகிறதோ அப்போது கொடி துளிர்க்கும். அதனால் ஆண்டின் எந்த மாதத்திலும் பள்ளத்தாக்கின் ஏதாவதொரு தோட்டத்தில் பழம் பறிப்பார்கள். மார்கரெட் ரிவர் கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்துத் தூங்கி, வசந்தத்தில் விழித்து, பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் ஒரே ஒரு முறை பழுக்கிறது. பழுக்கும் வாரங்களில் வெப்பம் ஏறி இறங்காமல் சீராக இருப்பதுதான் இங்கே முக்கியம். கடும் வெயிலில் பழத்தின் புளிப்பு அமிலம் விரைவில் எரிந்துபோகும். குளிர் மிஞ்சினால் தோலில் நிறம் ஏறாது, பச்சைக் குடமிளகாய் வாடை போகாது. அந்த வாடை கேபர்னே சோவினியோன் ரகத்தின் பிறவிக்குணம், பைரசின் என்ற சேர்மத்தால் வருவது. வெயிலும் மெதுவான பழுத்தலும் சேர்ந்தால்தான் அது தணியும். கடல் இங்கே செய்வது இந்த நடுநிலையைத்தான்.

ஆனால் அதே கடல் வசந்தத்தில் முரட்டுக் காற்றையும் அனுப்புகிறது. பூக்கும் நேரத்தில் காற்றும் குளிரும் அடித்தால் மகரந்தச் சேர்க்கை பாதி குலைந்துவிடும். ஷார்டனே வெள்ளைத் திராட்சையில் இங்கே அதிகம் பயிராகும் ஜின்ஜின் கிளைவகைக்கு இது மிகவும் நேரும். ஒரே குலையில் பெரிய பழங்களும் அவற்றின் நடுவே மிளகளவு விதையில்லாப் பொடிப்பழங்களும் இருக்கும். தோட்டக்காரர்கள் இதைக் கோழியும் குஞ்சும் என்கிறார்கள். விளைச்சல் குறைகிறது, சுவை கூடுகிறது. அப்படி ஒரு குலையை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தால் பெயர் வைத்தவரின் கண்ணை மெச்சத் தோன்றும்.

இன்னொரு தொல்லை பறவை. நம் மலைக்காடுகளில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு திரியும் வெள்ளைக்கண்ணியின் ஆஸ்திரேலியச் சொந்தம் இங்கே இருக்கிறது. பழத்தில் ஒரு துளை போட்டுச் சாற்றை உறிஞ்சும். துளை வழியே பூஞ்சை புகும். 1971இல் கல்லிட்டியின் முதல் அறுவடையை இந்தப் பறவையும் அழுகல் நோயும் சேர்ந்து தின்றுவிட்டன. பறவைகளை விரட்டக் கல்லிட்டி ஒரு வல்லூறைக் கொண்டுவந்து பழக்கினாராம். முதல்முறை பறக்கவிட்டபோது அது திரும்பியே வரவில்லை. அந்த வல்லூறுதான் இன்றும் வாஸ் ஃபெலிக்ஸின் சின்னம்.

உண்மையான காவல்காரன் மாரி மரமே என்பது பிறகு புரிந்தது. பழம் பழுக்கும் அதே வாரங்களில் மாரி பூக்கிறது. பூ நிறைந்த ஆண்டில் வெள்ளைக்கண்ணிகள் தேன் குடித்துக் காட்டிலேயே இருந்துவிடும். பூ பொய்த்த ஆண்டில் தோட்டத்துக்கு வரும்; அப்போது வரிசை வரிசையாக வலை போர்த்த வேண்டும். தோட்டக்காரர்கள் திராட்சையைப் பார்ப்பதற்கு முன்னால் மாரியின் மொட்டைப் பார்க்கிறார்கள். மண்ணைக் காட்டிக்கொடுத்த மரமே பழத்தையும் காக்கிறது. ஆகவே ஒயின் தோட்டம் போடக் காட்டை முழுக்க வழித்தவர் தன் தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டவர்.

மாரி பூக்கும் இந்தப் பருவத்துக்கு இந்நிலத்தின் மூத்த குடிகளான நூங்கார் மக்கள் வைத்திருக்கும் பெயர் புனுரு. அவர்களுக்கு ஆண்டில் ஆறு பருவங்கள். கார் முதல் முதுவேனில் வரை ஆறு பெரும்பொழுது வகுத்த மொழியில் எழுதுகிறவனுக்கு இது மனசுக்கு நெருக்கமான செய்தி. இந்த வட்டாரத்து நூங்கார்கள் வடாண்டி, உப்புநீர் மக்கள். கவரமப், யாலிங்கப், போரனப், மீலப் என்று ஊர்ப்பெயர்கள் அவர்களுடைய மொழியிலேயே நிற்கின்றன; அப் என்னும் ஈறு இடத்தைக் குறிப்பது. டெவில்ஸ் லேர் என்ற குகையில் 1970களில் சார்ல்ஸ் டார்ச் நடத்திய அகழாய்வுகளில் கிடைத்த மனித வாழ்வின் தடயங்கள் ஏறத்தாழ 48,000 ஆண்டு பழையவை. பாரம்பரியச் சின்னம் என்று இங்கே எதையாவது சொல்வதானால் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். ஒயினின் வயது அதில் ஒரு நாள் பொழுதுகூட ஆகாது.

இந்த வட்டாரத்தில் இப்படிக் குகைகள் எப்படி வந்தன? பாறை முதுகின் அடித்தளம் கருங்கல்லும் நைஸ் பாறையும். யாலிங்கப் பக்கத்தில் கெனால் ராக்ஸ் என்ற இடத்தில் கடல் அதை வாய்க்கால் வாய்க்காலாக அறுத்திருப்பதைப் பார்க்கலாம். இளஞ்சிவப்புப் பாறையில் மாவைப் பிசைந்து இழுத்த மாதிரி கோடுகள். கோண்டுவானா பெருநிலம் ஒன்றுசேர்ந்த காலத்தில், சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, வெந்து நசுங்கிய தடம் அது. மதுரை வட்டாரத்தின் பழம்பாறைகளும் ஏறத்தாழ அதே நிகழ்வில் உருமாறியவை. அப்போது இந்தக் கரைக்கு எதிரே கடல் கிடையாது. அன்றைய இந்தியாவின் வடவிளிம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியா பிரிந்து போனது. போன இடத்தில் இந்தியப் பெருங்கடல் திறந்தது. பிரிவின்போது பீறிட்ட எரிமலைக் குழம்பு கறுத்த தூண்களாகப் பன்பரி நகரின் கடற்கரையில் நிற்கிறது. நம் பக்கத்து விளிம்போ இமயமலைக்கு அடியில் மடிந்து கிடக்கிறது.

கருங்கல்லின் மேல் சுண்ணாம்புப் பாறை பிற்காலத்தில் வந்தது. பனியுகங்களில் கடற்காற்று சங்குச் சிப்பி மணலை வாரிக் குன்றாகக் குவித்தது. மழை நீர் அதையே கரைத்து, அதையே பசையாக்கி இறுக்கியது. மழைநீர் மண்ணில் இறங்கும்போது வேர்கள் வெளிவிடும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கீழே போய்க் கருங்கல்லில் முட்டி, பக்கவாட்டில் ஓடிக் குகையைக் குடைகிறது. குகைக் கூரையில் சொட்டாகத் தொங்கும்போது வாயு வெளியேற, கரைந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிகிறது. சுண்ணாம்பு கலந்த கடினநீரைக் கொதிக்கவைத்த பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதும் இதே வேதியியல்தான். ஜூவல் குகையில் உள்ளே துளையோடு வைக்கோல் தாள் போன்ற ஒரு கல்விழுது ஐந்து மீட்டருக்கும் மேல் தொங்குகிறது. லேக் குகையில் தண்ணீருக்குச் சற்று மேலே ஒரு கல்மேசை, கூரையிலிருந்து இறங்கும் இரண்டு தூண்களைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கிறது.

குகைக்குள் இறங்க முடியாதவர்கள் லூயின் முனைக்குப் போனால் போதும். அங்கே சுண்ணாம்புக் கல்லால் கட்டிய கலங்கரை விளக்கம் 1896இல் ஏற்றப்பட்டது. உயரம் 39 மீட்டர். அதற்குத் தண்ணீர் இறைக்க ஓர் ஊற்றின் அருகே மரத்தால் நீர்ச்சக்கரம் வைத்தார்கள். சக்கரம் இன்றும் இருக்கிறது. ஆனால் சுழலாது. ஊற்று நீரின் சுண்ணாம்பு ஆண்டாண்டாகப் படிந்து ஆரங்களையும் பட்டிகளையும் மூடிக் கல்லாக்கிவிட்டது. மேலே பச்சைப் பாசி, பாசியின் ஊடே இன்னும் சொட்டும் நீர். நூற்றிருபது ஆண்டுக்கு மேற்பட்ட படிவை நகத்தால் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் காண்கிறோம். பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் கடந்துபோன சமன்பாடு இங்கே சக்கரத்தின் உருவத்தில் நிற்கிறது.

இவ்வளவும் ஒரு மெல்லிய சமநிலையின் மேல் நிற்கிறது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. தென்மேற்கு ஆஸ்திரேலியாவில் மே முதல் ஜூலை வரையான மழை 1970க்குப் பிறகு சுமார் 20 விழுக்காடு குறைந்திருக்கிறது. ஜூவல் குகையின் அடியில் கிடந்த நீர்நிலைகள் வற்றிவிட்டன. 2011 தொடக்கத்தில் லா நினா (பசிபிக்கின் வாணிபக் காற்று மிகும் கட்டம்) வலுத்து லூயின் நீரோட்டம் அளவுக்கு மீறிப் பாய்ந்தபோது மேற்குக் கரை முழுதும் கடல் வெப்ப அலை. வடக்கே கால்பரியை ஒட்டி சுமார் நூறு கிலோமீட்டர் நீளத்துக்குக் கெல்ப் என்ற பெரும்பாசிக் காடு அழிந்தது. வெப்பநீரை அழைத்து வந்து பவளத்தை வளர்த்த அதே நீரோட்டம்தான்.

போக நினைப்பவர்களுக்கு என் சொற்கள் சில. ஒயின் குடிப்பவரோ இல்லையோ, தோட்டத்துக்குப் போய் மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிப்ரவரி, மார்ச்சில் போனால் மாரி பூவும் பழுத்த குலையும் ஒரே பார்வையில் கிடைக்கும். கடலில் இறங்கும்போது மட்டும் உள்ளூர்க்காரர் சொல்லைக் கேளுங்கள். தென்பெருங்கடலில் கிளம்பும் அலை தடையில்லாமல் இந்தக் கரையில்தான் வந்து மோதுகிறது. திராட்சை வேரைத் தின்னும் ஃபிலாக்சீரா பூச்சி மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் இதுவரை நுழையவில்லை. எந்தக் கொடியின் துண்டையும் கொண்டுபோகாதீர்கள். காட்டுப் பாதைகளின் வாயிலில் தூரிகையும் தொட்டியும் வைத்திருப்பார்கள். அது காலணியின் அடிமண்ணைத் தேய்த்து எடுப்பதற்கு. ஃபைட்டோஃப்தோரா என்ற வேரழுகல் நுண்ணுயிர் ஒரு சிட்டிகை ஈரமண்ணில் பயணம் செய்யும். இந்தத் தென்மேற்கின் செடிவகைகளில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் அதற்கு இரையாகக்கூடியவை. அவசரமாக இருந்தாலும் நின்று, இரண்டு காலணிகளையும் தேய்த்துவிட்டு உள்ளே போங்கள்.